சவுக்குத் தோப்பின் பிரதிவாதி

வழக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் வாதியின் பெயர், அடுத்து பிரதிவாதியின் பெயர். இன்னார் மகன், இன்ன வயது, இன்ன ஊர் என்று அந்த வரியை நீங்கள் யோசிக்காமலே எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வழக்கில் மட்டும் அந்த வரியைக் கடைசிவரை ஒழுங்காக எழுத முடியவில்லை. திண்டிவனம் கோர்ட்டில் புதிதாக அங்கி போட்டிருக்கும் உங்களிடம் அதைத்தான் சொல்ல நினைக்கிறேன். ஜெயித்த வழக்குகளைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. முன்சீப் கோர்ட்டில் அப்போது பெண் வக்கீல் நான் ஒருத்திதான். அதனால்தானோ என்னவோ, மீன் விற்கும் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பம் அவர்களுடையது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆண்கள் பிடித்துவரும் மீனைப் பெண்கள் கூடையில் சுமந்து, ஒரு சவுக்குத் தோப்பின் ஊடாக நடந்து ரோட்டுக்கு வருவார்கள். அங்கே பஸ் பிடித்தால் திண்டிவனம் மார்க்கெட். தோப்பின் ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் முகத்துவாரத்துச் சேறு. தோப்புக்குள் போகும் அந்த ஒற்றையடிப் பாதைதான் குப்பத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இருந்த ஒரே நல்ல வழி.

வந்தவர்களில் முன்னால் நின்று பேசியவள் அஞ்சலை. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. சேகர் என்று ஒரே மகன், கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தான்.

"தோப்ப சுத்தி முள்ளுக்கம்பி போட்டுட்டாங்க வக்கீலம்மா. உப்பளத்தால சுத்திக்கினு போனா பஸ்ஸு போயிடுது. அடுத்த பஸ்ஸுக்கு நின்னா மீனு கெட்டுப் பூடுது. ஒரே பேஜாரா கீது."

"யார் போட்டது, அக்கா?"

"அதாம்மா தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலி போட்டவன் யார் என்று தெரியாமல் இருக்குமா?

அந்தத் தோப்பு விழுப்புரத்தில் இருந்த ஒரு பெரிய குடும்பத்துடையது. குப்பத்தில் எல்லோரும் அவரைத் தோப்புக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பா காலத்திலேயே அந்த வழியாகப் போய்வந்தவர்கள் இவர்கள், யாரும் தடுத்ததில்லை. வேலி வந்த உடனே ஆண்கள் விழுப்புரம் போய் அவரைப் பார்த்திருக்கிறார்கள். "நான் வித்துட்டேம்பா. ஒரு கம்பெனி வாங்கிக்கிச்சு. இனிமே என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து விற்றார் என்று ஊரில் பேச்சு இருந்தது.

பட்டா மெட்ராஸில் பதிவான ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. அந்தக் கம்பெனியின் பங்குகளெல்லாம் ஹாங்காங்கில் உள்ள இன்னொரு கம்பெனியின் கையில் இருந்தன. ஹாங்காங் கம்பெனி யாருடையது? அந்த ஊர்ச் சட்டப்படி அதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த விவரம் இவ்வளவுதான். நான் மெட்ராஸ் கம்பெனியைப் பிரதிவாதியாக்கி, பாதை உரிமை கேட்டு வழக்குப் போட்டேன். சம்மன் கொண்டுபோன அமீனா, அந்த விலாசத்தில் பூட்டிய அறை ஒன்றும் வாசலில் வரிசையாகப் பல கம்பெனிப் பலகைகளும்தான் இருந்தன என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இன்னொரு முறை அனுப்பிய பிறகு விழுப்புரத்து வக்கீல் ஒருவர் கம்பெனிக்காக ஆஜரானார்.

நல்ல மனிதர். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"சார், உங்க கட்சிக்காரர் யாரு?"

"கம்பெனிதாம்மா."

"அதுக்குப் பின்னால?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "மெட்ராஸ்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து எனக்கு லெட்டர் வரும். அவங்களுக்கு ஹாங்காங்லேர்ந்து வருதாம். அதுக்கு அந்தாண்ட நான் கேட்டதில்ல. கேட்டா, கேஸ் கட்டு வேற வக்கீலுக்குப் போயிடும்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்தது. எதிராளி வக்கீல் ஒளிக்கிறார் என்றால் நாம் தோண்டலாம். அவருக்கே தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

சாட்சிக் கூண்டில் கம்பெனியின் பவர் ஏஜெண்ட் ஏறினார். சஃபாரி சூட் போட்ட, பணிவான ஆள். குறுக்கு விசாரணையில் அவரைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். வேலி போடச் சொன்னது யார் என்றேன். கம்பெனி என்றார். கம்பெனியில் யார்? டைரக்டர்கள். அவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை. உங்களுக்குச் சொல்வது யார்? கடிதம் வரும். கடிதத்தில் கையெழுத்து யாருடையது? வெறும் கிறுக்கல், படிக்க வராது. கோர்ட் ஹாலில் யாரோ சிரித்தார்கள். நான் மேலே கேட்கப் போனபோது முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, வழி இருக்கா இல்லையாங்கறதுதான் வழக்கு. கம்பெனிக்குப் பின்னாடி யார் இருந்தா என்ன? இந்தக் கேள்வியை நான் அனுமதிக்கல."

சட்டப்படி அவர் சொன்னது சரி. நிலத்தின் மேல் உள்ள உரிமை நிலத்தோடு போகும், ஆளோடு போகாது. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு பிரிவும் இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குச் சட்டப்பிரிவு எதுவும் தெரியாது. ஆனால் பேசித் தீர்ப்பதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்பது தெரியும். ஆள் கிடைக்காது என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் நாளானது.

வழக்கு இழுத்தது. மழைக்காலத்துக்கு முன்னால் எதிர்த்தரப்பிலிருந்து சமாதானம் பேசினார்கள். வேலியில் ஒரு கேட் வைப்பார்கள், பகலில் பெண்கள் போய்வரலாம். கம்பெனியின் அனுமதியின் பேரில் போய்வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

நான் ஜூனியராக இருந்த சீனியரிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனேன். ரொம்பக் குறைவாகப் பேசுவார். படித்துவிட்டு, அனுமதி என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இத எடுத்துட்டு உரிமைன்னு போடச் சொல்லு. ஒத்துக்கல்லன்னா கையெழுத்து வேணாம். அனுமதி குடுத்தவன் நிலத்த வித்துட்டான்னா, வாங்கினவன் அத மதிக்க வேண்டியதில்ல."

கேட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்ற மாட்டோம் என்றார்கள். எந்தச் சொல்லுக்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதை வைத்து, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். நீங்களும் கவனியுங்கள். நான் குப்பத்துக்கே போய், மணலில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னேன். நாளைக்கே கை மாறினால் இந்தக் காகிதம் செல்லாது என்றேன்.

அஞ்சலைதான் பேசினாள். "வர்றவன் வர்றப்போ பாத்துக்கலாம் வக்கீலம்மா. நாளைக்கி மழ வந்தா உப்பளம் பூரா தண்ணியாப் பூடும். கூடைய தூக்கிக்கினு நாங்க எதுல போறது, நீங்க சொல்லுங்க."

கூடையைச் சுமப்பவர்கள் அவர்கள். கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். வழக்கு முடிந்தது.

கேட் திறந்திருந்தது. கன்னியப்பன் என்று உள்பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவரைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். பெண்களோடு பேசிக்கொண்டிருப்பார், பொடி மீன் வாங்கிக்கொள்வார். ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. நானும் கொஞ்சம் மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு காலையில் கேட்டில் புதுப் பலகை மாட்டியிருந்தது, வேறு கம்பெனி. இதுவும் மெட்ராஸ்தான், ஆனால் அதன் பங்குகள் இங்கிலாந்துப் பக்கத்தில் ஏதோ ஒரு தீவுக் கம்பெனியிடம் இருந்தன. கேட் பூட்டியிருந்தது. அனுமதி கொடுத்தது பழைய கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. காவலுக்கு அதே கன்னியப்பன்தான். கம்பெனி மாறியது அவருக்கே பலகையைப் பார்த்துத்தான் தெரியும்.

குப்பத்துப் பையன்கள் சிலர் ஆத்திரத்தில் கம்பியை வெட்டினார்கள். சேகரும் அதில் ஒருவன். ஏஜெண்ட் புகார் கொடுத்து, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நான் ஜாமீன் வாங்கினேன். இனிமேல் தோப்புப் பக்கம் போகக் கூடாது, போனால் ஜாமீன் ரத்து என்று நிபந்தனை. நான் புது வழக்கு எழுத உட்கார்ந்தேன். பிரதிவாதி என்ற இடத்தில் புதுப் பெயரை எழுதினேன்.

ஆடி மாதம், காற்று பலமாக இருந்த ஒரு மத்தியானம். கரை ஏறும் அலையில் கட்டுமரம் புரண்டு சேகரின் மார்பில் இடித்துவிட்டது. வாயில் ரத்தம் வந்தது. வலையைத் துடுப்பில் கட்டித் தூளியாக்கி அவனைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு ஓடிவந்தார்கள். ரோட்டில் மீன் வியாபாரியின் வேன் நின்றிருந்தது. உப்பளத்தைச் சுற்றினால் ரொம்ப தூரம்; வேனோ மரங்களின் ஊடாகவே கண்ணுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கோர்ட்டில் பலர் வாயால் பலமுறை கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"கன்னியப்பா, தொறடா, புள்ள செத்துடுவான்" என்றாள் அஞ்சலை.

கன்னியப்பன் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். யாரையும் விடக் கூடாது, விட்டால் உன்னையும் கேஸில் சேர்ப்போம் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். "இரு, இரு. ஒரு வார்த்த கேட்டுக்கினு ஜல்தியா வந்துடறேன்" என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு மரக்காணம் போஸ்ட் ஆபீஸுக்குப் போனார். மெட்ராஸுக்கு டிரங்கால் போட. சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. மெட்ராஸில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அங்கே எடுக்க யாரும் இருந்ததே இல்லை.

இங்கே தூளியைப் பிடித்தவர்களில் சிலர் ஜாமீனில் இருந்தவர்கள். கேட்டைத் தொட்டால் ஜெயில் என்று அவர்களுக்கு நானே படித்துக் காட்டியிருந்தேன். நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அஞ்சலை ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துதான் மற்றவர்களும் சேர்ந்தார்கள். பூட்டு உடைந்து, வேனில் ஏற்றி, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். பொம்மையார்பாளையம் தாண்டும்போது சேகர் இறந்துபோனான்.

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பானா? டாக்டர் கூண்டில் ஏறி, சொல்ல முடியாது என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார். அஞ்சலைக்கு அந்தப் பதில் ஒரு தண்டனை.

இரண்டு வழக்குகள் பதிவாயின. வழி மறித்ததற்காகக் கன்னியப்பன் மேல் ஒன்று. பூட்டை உடைத்ததற்காக அஞ்சலை மேல் ஒன்று. கம்பெனி ஒன்றிலும் இல்லை. நான் இன்ஸ்பெக்டரிடம் போய், உத்தரவு போட்டவனை விட்டுவிட்டுக் காவல்காரனைப் பிடிக்கிறீர்களே என்று கோபமாகக் கேட்டேன்.

"உத்தரவு போட்டவன் பேரும் அட்ரஸும் குடுங்கம்மா. இப்பவே போய் இஸ்துக்கினு வர்றேன்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்புக்காரர் என் ஆபீஸுக்கு வந்தார். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். வழக்கு விஷயமாக ஆலோசனை வேண்டும் என்றார். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மேசைக்கு எதிரே ஒருவர் உட்காருவதற்கு முன்னால், எந்த விஷயம், யாருக்கு எதிராக என்று கேட்டுவிடுங்கள். நான் கையைத் தூக்கி நிறுத்துவதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"அந்தத் தோப்பு என்னோடதுதாம்மா."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நெல சீலிங் சட்டத்துக்குப் பயந்து செஞ்சேன். மெட்ராஸ்ல ஒருத்தர் வழி சொன்னாரு. ஹாங்காங்ல நம்ம ஆள் ஒருத்தன் பேர்ல கம்பெனி. பேருக்குத்தான் அவன், நெலம் நம்முதுன்னாங்க. மொத வேலி நான்தான் போடச் சொன்னேன். கம்பெனி நெலம்னு பார்வைக்குத் தெரியணும்ல. அப்பறம் அந்த ஆள் செத்துட்டான். அவன் பங்க யார் எடுத்தாங்க, யாருக்கு வித்தாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. லெட்டர் போட்டா பதில் இல்ல. போன மாசம் நானே போனேன். கன்னியப்பன் என்னையே உள்ள விடல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இத திரும்ப வாங்க முடியுமாம்மா?"

"கோர்ட்ல வந்து இதையே சொல்லுங்க. கம்பெனி வெறும் போர்வைன்னு காட்டிடலாம். காவல்காரனும் தப்பிப்பான், வழியும் கிடைக்கும்."

"சொன்னா இருக்கற நெலமும் போயிடும். வெளிநாட்டுல கம்பெனி வெச்சேன்னு ஃபாரின் கேஸு வேற போடுவான். எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"செத்தது ஒரு பையன்."

"தெரியும்மா. அதனாலதான் தூக்கம் இல்ல."

"அப்ப எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்திச்சு." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "வக்கீல்கிட்ட சொன்னது வெளிய போகாது, இல்லீங்களா?"

நான் அவர் வழக்கை எடுக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சீனியரிடம், பெயர் சொல்லாமல், இப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஆலோசனை கேட்டு வந்தவன் சொன்னத நீ எங்கயும் சொல்லக் கூடாது. வழக்கு எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கஷ்டம்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆக, தோப்புக்கு உடையவர் யார் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தும் கிடைக்கவில்லை. மறைத்து வைத்தவருக்கே அது இப்போது யாருடையது என்று தெரியாது. எந்த ஊரிலோ யாரோ ஒருவர் அதை வைத்திருந்தார். அப்படி ஒரு குப்பம் இருக்கிறது, அங்கே ஒரு பையன் இறந்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

கன்னியப்பனுக்குச் சில வாரங்கள் ஜெயில் என்று தீர்ப்பானது. சாவியை எடுத்துக்கொண்டு போனதை மாஜிஸ்ட்ரேட் மன்னிக்கவில்லை. அவருடைய மனைவி கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அஞ்சலையை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பாதை வழக்கு தள்ளுபடி ஆனது. அனுமதியின் பேரில்தான் போய்வந்தோம் என்று இவர்களே எழுதிக் கொடுத்திருக்கும்போது உரிமை எங்கே வந்தது என்று தீர்ப்பில் கேட்டிருந்தார்கள். விழுப்புரம் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனேன். அங்கேயும் அதேதான்.

அப்பீல் தீர்ப்பைச் சொல்ல நானே குப்பத்துக்குப் போனேன். இப்படிப்பட்ட செய்தியை ஆள் விட்டுச் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். அஞ்சலை கேட்டுக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தாள். நானும் கூடவே போனேன். கேட் முன்னால் நின்று குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். வயிறெரிந்த பெண்கள் எதற்காக அப்படி மண்ணை அள்ளுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெயர் சொல்லிச் சபித்துத் தூற்ற வேண்டும். பெயர் இல்லாமல் அது பலிக்காது என்பார்கள்.

கையை ஓங்கியவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் பேரு இன்னா வக்கீலம்மா?"

விழுப்புரத்து வீட்டில் தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்ட பெயர் அது இல்லை. பலகையில் இருந்த கம்பெனியின் பெயரை மெதுவாகப் படித்துச் சொன்னேன். நீளமான இங்கிலீஷ் பெயர்.

அவள் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்கு சிக்கியது. மறுபடி சொல்லச் சொன்னாள், சொன்னேன். மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது. விரல்களைத் தளர்த்தினாள். மண் அவள் கால் மேலேயே விழுந்தது.